வெள்ளிக்கிழமை கொடுக்காத மண்

ரத்தப் பரிசோதனைக்குப் போகிறவர்கள் வெறும் வயிற்றோடு போவார்கள். மண் பரிசோதனைக்கு வருகிறவர்கள் மட்டும் மண்ணுக்கு வயிறு நிறையச் சோறு போட்டுத்தான் கூட்டி வருவார்கள்.

சமயநல்லூரில் ஓர் உரக்கடையின் பின்கட்டில் இருக்கிற சின்ன மண் பரிசோதனைக் கூடத்தில் நான் வேலை பார்க்கிறேன். வருகிற மண்ணை நிழலில் காயப்போடுவது, மரச்சுத்தியால் தட்டுவது, சலிப்பது, தண்ணீரில் குலுக்குவது, உப்பு எவ்வளவு, சத்து எவ்வளவு என்று எழுதிக் கொடுப்பது, இதுதான் என் பிழைப்பு. எக்ஸ்ரே எடுக்கிறவர்கள், கண்ணுக்குப் பவர் பார்க்கிறவர்கள், பரீட்சைத் தாள் திருத்துகிறவர்கள் எல்லாரும் என் கட்சிதான். நோயை நாம் உண்டாக்குவதில்லை. ஆனால் அதை முதலில் வாய்விட்டுச் சொல்கிற பாவம் நம் தலையில்தான் விழுகிறது.

மண் எப்படி எடுக்க வேண்டும் என்று வருகிற எல்லாருக்கும் சொல்லி அனுப்புவேன். வயலில் அங்கங்கே பல இடத்தில், அரையடி ஆழத்துக்குக் குழி வெட்டி எடுத்து, ஒன்றாகக் கலந்து, அதில் ஒரு பங்கு கொண்டு வாருங்கள். எருக்குழிப் பக்கம் போகாதீர்கள், மர நிழல் வேண்டாம், வரப்போரம் வேண்டாம். எல்லாரும் பொறுமையாகத் தலையாட்டுவார்கள். பிறகு நேராக எருக்குழிக்குப் போவார்கள்.

பூ வைத்த மண்

கரும்புக்காரர் ஒருவர். கரும்பு வெட்டி, அடிக்கட்டையைத் தழைய விட்டு, மறுபடி கரும்பு, அதற்கப்புறமும் கரும்பு என்று ஒரே வயலில் ஓட்டிக்கொண்டிருக்கிறவர். மகசூல் குறைந்துகொண்டே போகிறது என்று வந்தார். புதுத் துணிப்பையில் அவர் கொண்டு வந்த மண்ணைப் பார்த்ததும் எனக்கே ஆசையாக இருந்தது. கறுப்பாக, பொலபொலவென்று, ஒரு கல் இல்லாமல், முறத்தில் புடைத்த மாதிரி. காகிதத்தில் பரப்பினால் ஆட்டுப்புழுக்கை உருண்டு வந்தது.

"அண்ணே, இது கரும்புக்குள்ள எடுத்ததா, ஆட்டுக்கொட்டாய்கிட்ட எடுத்ததா?" என்று கேட்டேன். கொஞ்சமும் கூச்சப்படவில்லை. கொட்டாய் ஓரத்தில்தான் எடுத்தாராம். எடுத்து, அவர் வீட்டம்மா சலித்தும் கொடுத்தாராம். இந்த மண்ணைச் சோதித்து "எல்லாம் நன்றாக இருக்கிறது" என்று நான் எழுதிக் கொடுத்தால், அவர் அடுத்த வருஷமும் தைரியமாகக் கரும்பையே வைப்பார், வயலுக்கு என்ன கேடு என்று யாருக்கும் தெரியாமலே போகும் என்று விளக்கினேன். எனக்குக் கொஞ்சம் கோபமும் வந்துவிட்டது. அவர் சிரித்துக்கொண்டே பையை வாங்கி மடித்துக்கொண்டார்.

"பொண்ணு பாக்க வந்தா தலைய வாரி, பூ வச்சுத்தான மேடம் கொண்டாந்து காட்டுவோம்?"

வெள்ளிக்கிழமை லீவு

எங்கள் கூடத்துக்கு வெள்ளிக்கிழமை மண் வராது. இந்தப் பக்கம் வெள்ளிக்கிழமையில் வீட்டு மண்ணை எடுத்து வெளியாளிடம் கொடுத்தால் லட்சுமி கூடவே போய்விடுவாள் என்று நினைக்கிறார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இது தெரியாமல், நானே மாதிரி எடுக்க சோழவந்தான் பக்கம் ஒரு வாழைத் தோட்டத்துக்கு வெள்ளிக்கிழமையாகப் பார்த்துப் போய் நின்றேன். தோட்டத்துக்காரி பஞ்சவர்ணம் அக்கா காபித்தண்ணி கொடுத்தார், பழம் கொடுத்தார், மண்வெட்டியை மட்டும் தொடவிடவில்லை. "நாளைக்கு வா தாயி, குழி எம்புட்டு வேணுமோ வெட்டிக்க" என்றார்.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே பாதையில் ஒரு லாரி நின்று, அவர் தோட்டத்து வாழைத்தார்களை ஏற்றிக்கொண்டிருந்தது. எனக்கு வாய் சும்மா இருக்காது. ஒவ்வொரு தாரோடும் மண்ணிலிருந்து பொட்டாஷ் என்கிற சாம்பல் சத்து மூட்டை கட்டிக்கொண்டுதான் போகிறது. வேறு பயிர் மாற்றி வைத்தால் ஒன்று எடுப்பதை இன்னொன்று கொஞ்சமாவது திருப்பித் தரும், வருஷா வருஷம் வாழையே என்றால் அதே வேர் அதே சத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும் என்றேன். "ஒரு பிடி மண்ணுக்கு நாள் பாக்குறீங்க. லாரி நிறைய மண்ணு வெள்ளிக்கெழமையும் அதுவுமாப் போகுதே அக்கா" என்றேன். அவர் லாரியைப் பார்த்தார், காலடியைப் பார்த்தார், பிறகு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"போறது தாருதான தாயி? மண்ணு இங்கனதான கெடக்கு!"

சுத்தமான தோப்பு

மதுரை டவுனில் இருந்து வந்தவர் ஒருவர், பேங்கில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். வந்த பணத்தில் நிலம் வாங்கி, முழுக்கத் தென்னை வைத்திருந்தார். வேறு ஒரு செடி கிடையாது. சொன்ன முறைப்படி மண் எடுத்து, பையின் மேல் பெயர் எழுதி ஒட்டி, ஒழுங்காகக் கொண்டு வந்த அபூர்வமான மனிதர் அவர். என் அனுபவத்தில் அப்படிப்பட்டவர்களுக்குத்தான் மோசமான முடிவு வரும், ஏனென்றால் அவர்கள்தான் ஏமாற்றுவதில்லை.

மண்ணில் மக்கு, அதாவது மக்கிப்போன இலைதழை, எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க ஆரஞ்சு நிறத் திரவம் ஒன்றை ஊற்றி, அமிலம் விடுவோம். மக்கு நிறைய இருந்தால் அது பச்சையாக மாறும். ஒன்றுமில்லாத மண்ணில் ஆரஞ்சு அப்படியே நிற்கும். அவர் மண்ணில் அது அசையவே இல்லை. தோப்பில் மட்டை, பாளை, சருகு விழுமே, என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். தினமும் ஆள் வைத்துக் கூட்டி, மூலையில் போட்டு எரித்துவிடுகிறாராம். கைபேசியில் படம் காட்டினார். கோயில் பிரகாரம் மாதிரி இருந்தது, இலை போட்டுச் சாப்பிடலாம். அந்தச் சருகுதான் மண்ணுக்குச் சோறு, அதை எரித்துவிட்டு மூட்டை மூட்டையாக உரம் வாங்கிப் போடுகிறீர்களே என்றேன். நடுவில் தட்டைப்பயறு, கொளுஞ்சி என்று ஏதாவது விதையுங்கள், தரை மூடிக்கிடக்கட்டும் என்றேன். அவர் முகம் வாடிவிட்டது.

"ஞாயித்துக்கிழமைன்னா சொந்தக்காரங்க தோப்பு பாக்க வருவாங்க மேடம். குப்பையாக் கெடந்தா என்ன நினைப்பாங்க?"

சொந்த வீட்டு மண்

ஊரார் மண்ணையெல்லாம் சலித்த எனக்கு, எங்கள் வீட்டு வயலின் மண்ணில் ஒரு பிடி பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. சோழவந்தான் பக்கம், வாய்க்கால் பாசனத்தில், பாகம் பிரிக்காத வயல் ஒன்று இருக்கிறது. என் வீட்டுக்காரர் கப்பலூரில் ஒரு கம்பெனியில் மெஷின் ஓட்டுகிறார். அவர் தம்பி முத்துராசுதான் வயலைப் பார்க்கிறார். அவருக்கு அதைத் தவிர வேறு தொழில் தெரியாது, வேறு ஆசையும் கிடையாது.

முன்பு அந்த வயலில் நெல்லும் வாழையும் மாறி மாறி வரும். மதுரை மெஸ்ஸுகளுக்கும் கல்யாண மண்டபங்களுக்கும் இலை போக ஆரம்பித்த பிறகு நெல் காணாமல் போய்விட்டது. இலை வாழை வைத்தால் அறுக்கிற அன்றைக்கே கையில் காசு, யார்தான் விடுவார்கள்? வாழைக்குப் பின்னால் வாழை, அதற்குப் பின்னாலும் வாழை. கடைசியில் வாய்க்காலோர மூலையில் வாடல் நோய் வந்தது. இலையோரம் மஞ்சளாகி, காம்பு ஒடிந்து, தண்டைச் சுற்றிப் பாவாடை மாதிரி தொங்கியது. முத்துராசு பட்ட மரத்தைத் தோண்டி எறிந்துவிட்டு அதே குழியில் புதுக் கன்றை வைத்தார். அதுவும் பட்டது. மூலையில் இருந்தது நடுவுக்கு வந்தது.

எங்கள் வயலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஏற்கெனவே பிளாட் போட்டு, மஞ்சள் பெயின்ட் அடித்த கல் ஊன்றிவிட்டார்கள். "இன்னொரு தடவ வாழை பட்டுச்சுன்னா வயலக் குடுத்துருவோம்" என்று என் வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். சொன்னால் செய்கிறவர். நான் முத்துராசுவிடம் மண்ணைச் சோதித்துப் பார்ப்போம், காரணம் தெரிந்தால் வழி தெரியும் என்று கேட்கும்போதெல்லாம் அவர் வேறு பேச்சுக்குத் தாவுவார். ஒரு நாள் விடாமல் கேட்டதும் சுருக்கென்று சொன்னார்.

"ஊருக்கெல்லாம் நீங்க மார்க்குப் போடுங்க மதினி. எங்க மண்ணு உங்ககிட்ட வந்து ஃபெயிலாகணுமா?"

பாஸான மண்

அப்படிச் சொன்னவர் ஒரு நாள் தானாகவே ஒரு மஞ்சப்பையில் மண்ணைக் கொண்டு வந்து என் மேஜையில் வைத்துவிட்டு, நிற்காமல் போய்விட்டார். சந்தோஷத்தில் மற்ற பைகளை ஒதுக்கிவிட்டு அதை முதலில் காயப்போட்டேன். ஆரஞ்சுத் திரவத்தை ஊற்றி அமிலத்தை விட்டதும் பச்சை பாய்ந்தது பாருங்கள், இந்தக் கூடத்தில் அப்படி ஒரு பச்சையை நான் பார்த்ததில்லை. வாழை மாற்றி வாழை வைத்து, மரம் பட்டுப்போகிற வயலில் இந்தப் பச்சையா? சல்லடையில் மிச்சம் நின்றதைத் திரும்பப் போய்ப் பார்த்தேன். காய்ந்த அரளி இதழ்கள். எண்ணெய் குடித்த விளக்குத்திரி ஒன்று, பாதி கருகியது.

ஊர் எல்லையில் எங்கள் காவல் சாமி கோயில் இருக்கிறது. கோயிலுக்குப் பின்னால் பழைய மாலைகளைக் கொட்டுகிற இடம் ஒன்று உண்டு. வருஷா வருஷம் நானே பொங்கல் வைத்துவிட்டு அங்கேதான் பூவைக் கொட்டுகிறேன். போன் போட்டு, "என்னய்யா தம்பி, உங்க வயல்ல அரளி எப்ப இருந்து பூக்குது?" என்றேன். எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் பேசியதைக் கேட்டதும் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது.

"சாமி மண்ணு ஃபெயிலாகாதுல்ல மதினி. வயக்காட்டு மண்ணக் குடுத்து, அது மோசம்னு நீங்க எழுதிட்டா, அண்ணே மறுநாளே கல்லு ஊண்டிருவாருல்ல?"

மோசமான மூலை

அன்றைக்கு முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. மண்ணுக்குப் பூ வைத்துக் கொண்டு வருகிறவர்களை எல்லாம் நான் பெருமைக்காரர்கள் என்று நினைத்திருந்தேன். அதில் பாதிப் பேர் பயந்தவர்கள் என்று அப்போதுதான் புரிந்தது. நான் வெறும் காகிதம் என்று நீட்டுவது, அவர்கள் வீட்டில் யாரோ ஒருவருடைய வாதத்துக்கு ஆயுதமாகப் போகிறது. முத்துராசு கேட்ட மாதிரி அந்தப் பச்சை மண்ணுக்கே நல்ல ரிப்போர்ட் எழுதிக் கொடுத்தால் வயல் இன்னும் ஒரு வருஷம் நிற்கும். ஆனால் அதே வாழையை அதே குழியில் வைப்பார், அது பட்டுப்போகும், அப்புறம் சாமியே வந்தாலும் காப்பாற்ற முடியாது. ஷிப்ட் முடிந்து வந்த வீட்டுக்காரரிடம், "தம்பி கொண்டாந்தது சரியா எடுத்த மண்ணு இல்ல. ஞாயித்துக்கெழம நாமளே போய் எடுப்போம், நீங்களும் வாங்க" என்று மட்டும் சொன்னேன்.

மூன்று பேரும் போனோம். என் வீட்டுக்காரர்தான் மண்வெட்டியைப் பிடித்தார். போட்ட முதல் வெட்டிலேயே கட்டாந்தரையில் பட்ட மாதிரி கை அதிர்ந்தது. பல இடத்தில் வெட்டினோம், ஒரு மண்புழுவைக் காணோம். பட்டுப்போன வாழை ஒன்றைத் தோண்டி, கிழங்கை இரண்டாக வெட்டிக் காட்டினேன். உள்ளே வெள்ளையாக இருக்க வேண்டிய இடத்தில் செம்பழுப்பாகக் கோடு கோடாக ஓடியிருந்தது. வேரெல்லாம் முடிச்சு முடிச்சாக இருந்தது, நூற்புழுவின் வேலை. முத்துராசு எங்கள் பக்கம் திரும்பாமல் வாய்க்காலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

முடிவு வந்ததும் வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு முத்துராசு வீட்டுக்கே போய் வாசித்துக் காட்டினேன். ஆரஞ்சு ஆரஞ்சாகவே நின்றது, சாம்பல் சத்து கீழே கிடந்தது, ஒன்றையும் மறைக்கவில்லை. பிறகு என் மனதில் பட்டதையும் சொன்னேன். இந்த மண் சாகவில்லை, ஒரே வாய்க்குச் சோறு போட்டுக் களைத்துப் போயிருக்கிறது. இந்த நோய்க்கு வாழைதான் தீனி, அந்தத் தீனியைக் கொஞ்ச காலம் நிறுத்த வேண்டும். பாத்தியை எல்லாம் உடைத்து, தண்ணீர் கட்டி நெல் வைப்போம். அப்புறம் தழையுரத்துக்குத் தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும்போது மடக்கி உழுவோம். அப்புறம் உளுந்து. அந்த மூலையில் வாழையை நினைத்தே பார்க்க வேண்டாம், நோய் மண்ணுக்குள் பல வருஷம் தூங்கும். அதுவரைக்கும் இலைக் காசு வராது. முத்துராசு தன் அண்ணன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்கு அதில் ஒன்றும் புரிந்திருக்காது, மண்வெட்டி பிடித்த கைக்குத்தான் புரிந்திருந்தது.

"எங்க கம்பெனில மெஷினுக்கே வருசத்துல ஒரு தடவ ஆஃப் பண்ணி சர்வீஸ் பாப்பாய்ங்க. இதுக்கு நீ ஒரு நாளாச்சும் லீவு விட்டியாடா? கல்லு ஊண்டுறதப் பெறகு பாத்துக்குவோம், மொதல்ல லீவு விடு."

மறுபடி ஒரு வெள்ளிக்கிழமை

லீவு விடுவது மண்ணுக்குச் சுலபம், மனிதருக்குத்தான் கஷ்டம். நெல் நின்ற காலத்தில் முத்துராசு அடுத்தவர் தோட்டத்தில் இலை அறுக்கக் கூலிக்குப் போனார். தன் வயலில் தானே அறுத்து அனுப்பியவர். வழியில் பார்த்தால், "சும்மா பொழுதுபோகலைன்னு வாரேன் மதினி" என்பார். நானும் நம்புகிற மாதிரி தலையாட்டுவேன். நெல் சுமாராகத்தான் விளைந்தது. தக்கைப்பூண்டு ஆள் உயரம் வளர்ந்தது. அதை மடக்கி உழுத அன்று என் வீட்டுக்காரர் லீவு போட்டுவிட்டுப் போய் வரப்பில் நின்றார். அந்தக் கம்பெனியில் அவர் தீபாவளிக்கே அரை மனதாகத்தான் லீவு கேட்பார்.

உளுந்து எடுத்து முடித்த பிறகு, ஒரு வெள்ளிக்கிழமை. வழக்கம்போல யாரும் வரமாட்டார்கள் என்று கண்ணாடிக் குடுவைகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். முத்துராசு அதே மஞ்சப்பையோடு வந்து நின்றார். பைக்குள் கையை விட்டுப் பார்த்தேன். அரளியும் இல்லை, திரியும் இல்லை. கட்டியும் முட்டியுமாக மண், அதில் மடக்கி உழுத தக்கைப்பூண்டுத் தண்டு ஒன்றிரண்டு மக்கியும் மக்காமலும் கிடந்தன. வாய்க்காலோர மூலையில் எடுத்தாராம். "நல்லா இருக்குற எடத்துலயும் எடுக்கட்டுமான்னு உங்க தங்கச்சி கேட்டா" என்றார், அவர் மனைவியைத்தான் சொன்னார். "நோவு இருக்குற எடத்தக் காட்டாம வைத்தியம் எப்புடின்னு நான்தான் வேணாம்னுட்டேன்."

முடிவையும் சொல்லிவிடுகிறேன், பொய்க்கு ஆசைப்பட்டு இந்த வேலையில் இருக்க முடியாது. திரவம் பச்சையாகிவிடவில்லை. ஆரஞ்சில் லேசாக ஒரு பழுப்பு ஏறி, ஓரத்தில் பச்சை எட்டிப்பார்த்தது, அவ்வளவுதான். அந்த மூலைக்கு இன்னும் பல போகம் பிடிக்கும். ஆனால் எங்கள் வயலில் மஞ்சள் கல் இல்லை. அன்றைக்கு நான் அதையெல்லாம் பார்ப்பதற்கு முன்னால், பையை வாங்கிய கையோடு அவரைக் கேட்டேன், "என்னய்யா தம்பி, வெள்ளிக்கெழமையும் அதுவுமா மண்ணத் தூக்கிட்டு வந்துட்டீங்க?" அவர் வாசல்படியில் செருப்பை மாட்டிக்கொண்டே, இதெல்லாம் ஒரு கேள்வியா என்கிற மாதிரி திரும்பிப் பார்த்தார்.

"வெளியாளுக்குத்தான் குடுக்கக் கூடாது மதினி. நீங்க வீட்டு ஆளுதான?"

மண்ணின் குறையைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வாரம் போதும், அந்தக் குறையை என்னிடம் காட்டலாம் என்று மண்ணுக்குச் சொந்தக்காரருக்குத் தோன்றத்தான் நெல், தக்கைப்பூண்டு, உளுந்து என்று மூன்று பயிர் தேவைப்படுகிறது.